நாகமணி வைத்த பொட்டுகள்

கோரிப்பாளையம் சிக்னலை ஒட்டிய சந்துக்குள் இருந்த அழகு டிஜிட்டல் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் உண்டு. வெறும் நெற்றியோடு எந்த முகமும் கடையை விட்டு வெளியே போகக் கூடாது.

சட்டம் போட்டவர் முதலாளி அழகுமலை. அவர் பட்ட பாடு அப்படி. முன்பு பேரையூரில் ஒரு கல்யாணம் எடுத்தார். சித்திரை மாதம், தகரக் கொட்டகைக்குள் முகூர்த்தம். வியர்வையில் பாதிப் பொட்டு கரைந்தது. மீதியை ஃப்ளாஷ் வெளிச்சம் தின்றது. ஆல்பத்தில் பெண்ணின் அம்மா முதல் அத்தைமார் வரை அத்தனை பேரும் மொட்டை நெற்றியோடு நின்றார்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். "எம் பொண்டாட்டி பொட்டில்லாம நிக்கிறாளே, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று பெண்ணின் அப்பா கடை நடுவில் நின்று கேட்டார்.  அந்த ஆள் சாகவில்லை என்பது அழகுமலைக்குக் கண்ணுக்கெதிரே தெரிந்தது.

அதன் பிறகுதான் நாகமணியை வேலைக்கு வைத்தார். போட்டோஷாப் படித்த பெண். கடையின் பின்புறம் ஜன்னல் இல்லாத ஒரு ஏ.சி. அறை. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஸ்கேன் செய்து வருகிற முகங்களுக்கெல்லாம் முதலில் வியர்வை மினுக்கத்தைத் துடைப்பாள், பிறகு கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுப்பாள், கடைசியாகப் பொட்டு வைப்பாள். அடுத்த முகம். சேலைக்குத் தக்க நிறம், முகத்துக்குத் தக்க அளவு. மணமகளுக்குத் தனி, மாமியாருக்குத் தனி. நான்கு வருடத்தில் அவள் பொட்டு வைக்காத குடும்பம் மதுரையில் குறைவு.

வீட்டிலும் அவளுக்கு அதே பழக்கம்தான். முனிச்சாலைப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம். மாமியார் வெள்ளிக்கிழமை தோறும் நிலைப்படி, கிரைண்டர், காஸ் அடுப்பு, நாகமணியின் கணவன் ராஜகுருவின் ஸ்கூட்டர் என்று ஒன்றையும் விடாமல் குங்குமம் வைக்கிற ஆள். வெற்றிடம் என்று ஒன்று கண்ணில் பட்டால் விரல் தன்னால் போய்விடும். நாகமணியின் விரல் மவுசில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அவளுக்குப் பொட்டு மட்டும் போதவில்லை. பிறர் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஒரு ஆத்திரம் வளர்ந்திருந்தது. "இந்த ஆம்பளைங்க ஏண்ணே எல்லாரையும் கீழேருந்தே எடுக்குறாங்க? எனக்கு மதுரையில உள்ள அம்புட்டு மூக்கு ஓட்டையும் மனப்பாடம்," என்பாள். கேமராவைத் தன் கையில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால்தான் வீட்டில் அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாயிரத்து நான்காம் வருடம் அழகுமலை டிஜிட்டல் கேமரா வாங்கினார். அதே மாதம் பக்கத்துத் தெரு காதர் மைதீன் கடைக்கு வந்தார்.

"அழகுமலை, எம் மக ஜன்னத்துக்கு நிக்காஹ் வச்சிருக்கு. பொம்பளைங்க பக்கமும் படம் வேணும்னு ஒத்தக் காலுல நிக்கிறா."

"எடுத்துருவோம் பாய்."

"எவன் எடுப்பான்? பொம்பளையே எடுத்தாலும், பிலிம் ரோலக் கழுவுறது ஒருத்தன், பிரிண்டு போடுறது ஒருத்தன். கடைசியில வெட்டுறது யாரு? உங்க பேயாண்டி. பல்லக் காட்டிக்கிட்டு எம் பொண்ணு படத்தக் கத்திரியில வெட்டுவான்."

மூலையில் படம் வெட்டிக்கொண்டிருந்த பேயாண்டி நிமிர்ந்தான். "பாய், நான் சிரிக்கல. எனக்குப் பல்லு அமைப்பே அப்படி."

அழகுமலை புதுக் கேமராவைப் பார்த்தார். அதில் ரோல் இல்லை. கழுவுவதும் இல்லை. நகம் அகலத்தில் ஒரு கார்டு, அவ்வளவுதான். அதை எடுப்பவளே கம்ப்யூட்டரில் சொருகலாம், அதே அறையில் பிரிண்டர் வைத்தால் அவளே படத்தையும் போட்டுவிடலாம். நடுவில் ஒரு ஆண் கைகூடத் தேவையில்லை. இதை நினைத்தபோதே அவர் கண் பின்னறைக் கதவுக்குப் போனது.

"பாய், எடுக்குறது, திருத்துறது, பிரிண்டு போடுறது எல்லாமே ஒரே பொம்பளைப்புள்ள. அந்தக் கதவு சாத்தியிருக்கும். நானே உள்ள போக மாட்டேன். அழகர் மேல சத்தியம்."

காதர் மைதீன் போன பிறகு அழகுமலை கதவைத் தட்டினார். அவர் தட்டியது அதுதான் முதல் தடவை.

"நாகமணி, நல்லாக் கேட்டுக்க. இது சரியா வந்துச்சுன்னா இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க விசேஷம் பூராவும் உனக்குத்தான். கேமராவும் உங்கிட்டயே இருக்கும். சொதப்பிட்டன்னா பழையபடி உள்ள உக்காரு. அப்புறம் வெளிய போறேங்கிற பேச்சே எடுக்கக் கூடாது."

அவள் தலையை ஆட்டினாள். பேசினால் கத்திவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

அன்றிரவு அவள் சொன்னதை ராஜகுரு சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.  கொஞ்ச நேரம் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு தடவை. பாப்போம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றான். கை கழுவி வந்தவன், "வேணாம், நீயே சொல்லிரு," என்றான்.

நிக்காஹ் அன்று மண்டபத்தின் திரையைத் தாண்டி உள்ளே நுழைந்தபோது நாகமணிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. சுவர் ஆணியெல்லாம் கறுப்புப் புர்காக்கள் தொங்கின. அவற்றுக்குக் கீழே ஜரிகையும் ஜிகினாவும் அத்தரும் மல்லிகையுமாக ஒரு திருவிழா நடந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் கேட்கிறார்கள் என்பது தெரியவில்லை.

முதல் படத்தில் அவள் விரலே விழுந்தது. இரண்டாவதில் யாரோ ஒருவரின் காது. மூன்றாவதில் கல்யாணப் பெண் ஜன்னத், மருதாணிக் கையால் வாயைப் பொத்திச் சிரிப்பது அப்படியே விழுந்தது. அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நாற்காலி மேல் ஏறினாள். பிரியாணித் தேக்சா பக்கம் போனாள். ரோல் தீர்ந்துவிடுமே என்ற கவலை இல்லை. அழுத்தினால் அழுத்திக்கொண்டே இருக்கலாம். எல்லோரையும் மேலேயிருந்து எடுத்தாள். ஒரு மூக்கு ஓட்டைகூடத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா மைமூன் பீவி நடுவில் பெரிய சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஆள் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. பெண் வீட்டார் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துத்தான் மூச்சு விட்டார்கள்.

"இந்தா புள்ள, என்னைய எடுக்காத."

"சரிம்மா."

இரண்டு நிமிடம் போனது.

"எடுக்குறதா இருந்தா ஒழுங்கா எடு. இந்தத் தோள்ல வெளிச்சம் விழல பாரு."

மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவை எடுத்து, பின்பக்கச் சின்னத் திரையில் காட்டினாள். "ரேசன் கார்டுக்கு எடுத்தது. அதுக்கப்புறம் இன்னைக்கித்தான்," என்றார் அந்த அம்மா. கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவில்லை. அத்தனை இரைச்சலுக்கு நடுவில் அந்த இரண்டடி இடம் மட்டும் அமைதியாக இருந்தது. அந்த அம்மா தன் முகத்தைப் பார்க்க, நாகமணி அவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு யாரோ ஐஸ்கிரீம் என்று கத்த, கேமரா கைக்கு வந்தது.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை சவூதிக்குக் கிளம்புகிறார். வியாழக்கிழமைக்குள் ஆல்பம் வேண்டும். நாகமணி அன்றைக்கே படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். சோழவந்தான் காதுகுத்துக்குப் போகிற அவசரத்தில் அழகுமலை கார்டை வாங்கி, உள்ளே எட்டிப் பார்க்காமல், சத்தியமாகக் கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் அழித்து எடுத்துப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் நாகமணி தரையில் நடந்ததாகத் தெரியவில்லை. மிதந்தாள். பாடினாள். சௌராஷ்டிரத்தில் தனக்குத் தானே பேசிக்கொண்டாள். தன் கையால் எடுத்த முகங்கள்! ஒவ்வொன்றையும் திரை முழுக்கப் பெரிதாக்கி, வியர்வையைத் துடைத்து, கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுத்து, அடுத்தது, அடுத்தது. கண்ட்ரோல் எஸ், கண்ட்ரோல் எஸ். ஐநூற்றுச் சொச்சம் முகங்கள். புதன்கிழமை காலை முதல் பக்கத்தைப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து டீயை எடுத்தாள்.

பிரிண்டர் கரகரவென்று மேலிருந்து கீழாகப் படத்தைத் தள்ளியது. முதலில் மண்டபத்து ஜிகினாத் தோரணம். பிறகு மல்லிகைப் பூ. பிறகு கூந்தல் வகிடு. பிறகு மைமூன் பீவியின் அகலமான நெற்றி. நெற்றிக்கு நடுவில், சேலைக்குப் பொருத்தமான அரக்கு நிறத்தில், வட்டமாக, அழகாக, ஒரு பொட்டு.

டீ டம்ளர் கையிலேயே நின்றது.

மவுசைப் பிடித்துத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஜன்னத்துக்குத் திலகம். ஜன்னத்தின் அம்மா சுபைதாவுக்கு வட்டப் பொட்டு. மூலையில் இருந்த அம்மாவுக்குக் குங்குமம். தொட்டிலில் கிடந்த குழந்தைக்குக்கூடக் கறுப்பில் ஒன்று. எல்லாவற்றையும் பழைய படத்தின் மேலேயே சேமித்திருந்தாள். கார்டிலும் இல்லை. பொட்டு இல்லாத படம் என்று உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

"அண்ணே!"

அழகுமலை ஓடி வந்தார். கதவுக்கு முன்னால் சத்தியம் ஞாபகம் வந்து, செருப்பு தேய நின்றார். உள்ளேயிருந்து அவள் சொல்லச் சொல்ல, வெளியே அவர் குரல் மெலிந்துகொண்டே போனது.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்ண்ணே."

"ஏம்மா, என்னம்மா, கண்ணு தெரியலையா உனக்கு?"

"கண்ணுதான்ணே பாக்கல. கை தானா வச்சுருச்சு."

"சரி, அழிச்சுருவோம். க்ளோன் ஸ்டாம்ப் எடு. ஆல்ட் கீய அமுக்கி, பக்கத்துத் தோல கிள்ளி, பொட்டு மேல தேய். என்ன, வருதா? வழவழன்னு தேய்க்காத, தட்டித் தட்டி எடு. ச்சே, நான் உக்காந்தா நிமிசத்துல முடிச்சுருவேன்!" மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு கையைக் கையை ஆட்டினார். பேயாண்டி உதவிக்கு வருகிறேன் என்று எழுந்தான். "நீ பல்ல மூடிக்கிட்டு உக்காரு," என்றார்.

ஒரு நெற்றிக்கு ஆகிற நேரத்தைப் பார்த்தபோதே நாகமணிக்குத் தெரிந்துவிட்டது. தனி ஆளாக வியாழக்கிழமைக்குள் முடியாது. ஆண்களைச் சேர்க்கவும் முடியாது.

"பாய் வீட்டுக்குப் போ," என்றது கதவுக்கு வெளியே இருந்த குரல். "வைரஸ் வந்துருச்சுன்னு சொல்லி ஒரு வாரம் தவணை கேளு. வைரஸ்னா எல்லாரும் பயப்படுவாங்க."

நாகமணி பிரிண்டான அந்த ஒற்றைப் பக்கத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தாள். எடுத்துப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பேயாண்டி இருக்கிற கடையில் அதை விட்டு வர மனம் இல்லை. இத்தனைக்கும் நடுவில் வாக்கு வாக்குதான். சந்து முனையில் ஒருமுறை நின்றாள். திரும்பிப் போய் அந்த ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டால் என்ன என்று தோன்றியது. திரையைத் தாண்டி நுழைந்த அந்த முதல் நிமிடம் நினைவுக்கு வந்தது. நடந்தாள்.

காதர் மைதீன் வீட்டில் விருந்துச் சமையல் வாசம். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். சுபைதா அவளைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வாம்மா வா! ஆல்பமா?"

"இல்லம்மா. வைரஸ் வந்துருச்சு."

"யா அல்லா! யாருக்கு? காய்ச்சல் இருக்கா?"

"கம்ப்யூட்டருக்கும்மா."

சுபைதா அதற்குக் கஷாயம் என்ன என்பதுபோல விழித்தார். ஆனால் பின்னாலிருந்து ஜன்னத் எட்டிப் பார்த்தாள். "என்ன வைரஸ்க்கா?"

"அது... ஒரு மாதிரி வைரஸ்."

"எப்பிடி? ஃபைல் ஓப்பன் ஆகலையா? எக்ஸ்டென்சன் மாறிருச்சா?"

இந்தப் பெண் கம்ப்யூட்டர் படித்தவள் என்று யாரும் நாகமணியிடம் சொல்லியிருக்கவில்லை.  "நெத்தியில வர்ற வைரஸ்," என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு மேல் பொய் நகரவில்லை. சுருட்டியிருந்ததை விரித்துத் தரையில் வைத்தாள்.

யாரும் பேசவில்லை. அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணியடித்துப் போய், முனை திரும்பி, மணிச் சத்தம் தேய்ந்தது.  நாகமணி தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா இனித் தன் தோளில் ஏறப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னா, அங்க சத்தத்தையே காணோம்?"

உள்ளறையிலிருந்து மைமூன் பீவி வந்தார். யாராவது படத்தை மறைத்திருக்கலாம். யாருக்கும் கை எழவில்லை. அவர் குனிந்தார். எடுத்தார். தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு வச்சது?"

"நான்தாம்மா. வேணும்னு வைக்கல. நாலு வருசமா வச்சு வச்சுக் கை பழகிப்போச்சு."

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்மா."

"பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார் பொண்டாட்டிக்குமா?"

நாகமணிக்கு உண்மை சொல்லிப் பழகிவிட்டது. "அவங்களுக்குக் கொஞ்சம் பெருசாவே வச்சுட்டேம்மா. முகம் அகலம்."

முதலில் உடைந்தது சுபைதாதான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். ஜன்னத் விக்கினாள். அடுப்படியிலிருந்து ஓடி வந்த சின்னம்மாக்கள் படத்தைப் பார்த்தார்கள். "மோதினார் பொண்டாட்டி" என்று ஒருத்தி மட்டும் சொன்னாள். அவ்வளவுதான், வீடே ஆடியது. மைமூன் பீவி மட்டும் சிரிக்கவில்லை. முகம் கல்லாக இருந்தது. ஆனால் தோள் இரண்டும் தனியாகக் குலுங்கிக்கொண்டிருந்தன.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "பொட்ட விடு. எந் நெத்தி இம்புட்டு அகலமா?"

"வெளிச்சம்மா அது. கொஞ்சம் முடிய இறக்கி விட்டுரலாம்."

"முடியுமா?"

"முடியும்மா."

"இந்தத் தாடைக்குக் கீழ ரெண்டாவதா ஒண்ணு தொங்குதே?"

"அதையும் எடுத்துரலாம்."

மைமூன் பீவி சோபாவில் உட்கார்ந்தார். "அப்ப ஏன் இங்க நிக்கிற? போயி அழி."

"தனியா முடியலம்மா. எங்க கடையில நல்லாத் தெரிஞ்சவங்க எல்லாம் ஆம்பளைங்க. உள்ள விடக் கூடாதுன்னு சத்தியம்."

"நான் வாரேன்," என்றாள் ஜன்னத். "நான் டிடிபி படிச்சிருக்கேன். போட்டோஷாப்பும் தெரியும். எங்கூடப் படிச்சதுங்க ரெண்டு பேரு அடுத்த தெருவுலதான் சும்மா உக்காந்திருக்குதுங்க."

சுபைதாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "மாப்பிள்ள நாளான்னைக்கிக் கிளம்புறாரு. புதுப்பொண்ணு போயிக் கடையில உக்காருவியாடி?"

எல்லோரும் மைமூன் பீவியைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, ஒரு பக்கம் ஒதுக்கி, அவசரமில்லாமல் மென்றார்.

"பின்ன, ஆம்பளைய விட்டா என் தாடைய எடுக்கச் சொல்ற? தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். புர்காவ எடுங்கடி."

ஒரே ஆட்டோவில் ஐந்து பெண்கள் அழகு டிஜிட்டல் வாசலில் இறங்கியபோது அழகுமலை கடை முடிந்தது என்றே நினைத்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கால் நிற்கவில்லை. நாகமணி திரையை அணைத்து, மைமூன் பீவி அனுமதி கொடுத்ததும், அவரும் பேயாண்டியுமாக முன்னறைக் கம்ப்யூட்டர்களை எல்லாம் மூச்சு வாங்கத் தூக்கிப் பின்னறைக்குள் வைத்தார்கள். ஒயர் மாட்டி முடித்ததும் மைமூன் பீவி வாசலைக் காட்டினார். முதலாளி வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது.

அன்றும் மறுநாளும் அந்த அறையில் நடந்ததை வேலை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாகமணி நடுவில் நின்று கற்றுக்கொடுத்தாள். தட்டித் தட்டி, தட்டித் தட்டி. ஒரு பொட்டு முழுசாக மறைந்தால் ஒரு ஆரவாரம்.

"ஏய், மாமிக்கு மூக்குத்தியும் சேந்து போயிருச்சுடி!"

"திருப்பி வை! தங்கம்!"

"அக்கா, எங் கன்னத்துல இருக்க இந்தப் பரு?"

"பரு கடைசியில. முதல்ல பொட்டு," என்றாள் நாகமணி, முதலாளி குரலில். அந்தக் குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

வெளியிலிருந்து அழகுமலை கதவில் வாயை வைத்து, "பிரஷ் ஓரத்த மென்மையா வச்சுக்கங்கம்மா!" என்று கத்துவார். "தெரியும்ண்ணே!" என்று ஐந்து குரல்கள் பதில் சொல்லும். டீ வந்தால் கதவு ஒரு சாண் திறக்கும், ஒரு கை நீளும், தட்டு உள்ளே போகும், கதவு மூடிக்கொள்ளும். பேயாண்டி வாயைப் பொத்திக்கொண்டே தட்டை நீட்டினான்.

மைமூன் பீவியின் படத்தை ஜன்னத் திறந்தாள். "மச்சி, உங்களது," என்றாள் நாத்தனாரிடம்.

மைமூன் பீவி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார். திரையில் இருந்த பெண்ணை, நெற்றியில் அரக்குப் பொட்டோடு இருந்தவளை, குனிந்து பார்த்தார். மற்றவர்களும் கையை நிறுத்தினார்கள். 

"ம், அழி," என்றார் பிறகு. "தாடைய மறந்துராத."

வியாழக்கிழமை அந்திநேர மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் கடைசிப் பக்கம் பிரிண்டரிலிருந்து விழுந்தது. நாகமணியே ஒட்டி, அட்டை போட்டாள். மைமூன் பீவி பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒவ்வொரு நெற்றியிலும் ஆள்காட்டி விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். நாகமணியின் மூச்சு அந்த விரல் கூடவே போனது. மோதினார் மனைவியின் நெற்றியில் விரல் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது; ஒன்றும் இல்லை. ஆல்பத்தை மூடினார். கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, கேமராவ இப்ப யாரு வச்சிருக்கா?"

"நான்தாங்கம்மா," என்றது கதவு.

"உங்ககிட்ட எதுக்கு அது?"

கதவு ஒருமுறை இருமியது.

"வர்ற மாசம் எம் மகளுக்கு நிக்காஹ். இந்தப் புள்ளதான் வரணும். அது எடுக்குற கோணம் நல்லாருக்கு, யாருக்கும் மூக்கு ஓட்டை தெரியல. ஆனா திருத்துறப்ப பக்கத்துல எங்க ஜன்னத் உக்காந்திருக்கும். இது கையி எப்ப எங்க போகும்னு சொல்ல முடியாது."

"நான் மட்டுமில்ல, இவங்க ரெண்டு பேரும் வருவாங்க," என்றாள் ஜன்னத். பிறகு நாகமணியிடம் குரலைத் தாழ்த்தினாள். "அவரு போனா ரெண்டு வருசம்க்கா. போனையே பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருக்கிறது? இங்க நல்லாருக்கு."

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை நீண்டது. கையில் கேமராப் பை.

"எடுத்துட்டுப் போயி நல்லாப் பழகு," என்றது கை. "அப்புறம், பழைய படத்த அழிக்காம முதல்ல சிடியில போட்டு வைக்கிற வழக்கத்தக் கத்துக்க."

"சரிண்ணே."

"இப்ப நான் உள்ள வரலாமா?"

"இருங்கண்ணே. எல்லாரும் புர்கா போட்டுக்கிறோம்," என்றாள் ஜன்னத்.

ராஜகுரு கூட்டிப் போக வந்து, அழகுமலைக்கும் பேயாண்டிக்கும் பக்கத்தில் படிக்கட்டில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தான். கதவு திறந்து பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, நாகமணியிடம் "வாரோம்க்கா, சனிக்கிழமை பழக பத்து மணிக்குத்தான?" என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்கள். கடைசியாக ஏறிய மைமூன் பீவியின் பாரத்தில் ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"யாரு இவங்கள்லாம்?" என்றான் ராஜகுரு.

"என் ஸ்டாஃப்," என்றாள் நாகமணி.

அவன் அவளை ஒருமுறை, பையை ஒருமுறை பார்த்தான். ஸ்கூட்டரை உதைத்தான். முதல் உதையில் கிளம்பவில்லை. "பைய முன்னால வச்சிரவா?"

"வேணாம். மடியிலயே இருக்கட்டும்."

ஏ.வி. பாலத்தில் ஏறியபோது காற்று முகத்தில் அடித்தது. கீழே வைகையில் மாடுகள் கரையேறிக்கொண்டிருந்தன. விளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ராஜகுரு பாதிப் பாலம் வரை மெதுவாகவே ஓட்டினான். அவன் யோசிப்பதை அவன் முதுகிலேயே அவளால் பார்க்க முடியும். அவசரப்படுத்தவில்லை.

"அடுத்தது எப்பன்னு சொன்ன?" என்றான்.

"வர்ற மாசம். எப்பிடியும் ரெண்டு மூணு வரும்."

"அம்மாகிட்ட..."

"நானே சொல்லிக்கிறேன்."

பையின் ஜிப்பைத் திறந்தாள். கேமராவை எடுத்து, ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அழுத்தினாள். எதிரே வந்த பஸ். பாலத்துக் கைப்பிடி. மாடு. அவன் காது. எதிரில் சைக்கிளில் வந்தவன் தன்னைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்துத் தலைமுடியைக் கோதினான், அவனையும் எடுத்தாள். ரோல் இல்லை, தீராது. சிரிப்பு தாங்காமல் ஸ்கூட்டர் ஆடியது.

"ஏய், ஆடாத! ஓடுற வண்டியில எடுத்தா எல்லாம் கலங்கித்தான் இருக்கும்."

"கலங்கட்டும்," என்றாள். மறுபடியும் அழுத்தினாள்.